கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ப ஒழுங்கா நடத்தறது எப்படி: பனியன் கம்பெனில வேலை பாக்கறவங்களுக்கு

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிய எடுத்துக்கோங்க. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையர் கூட பேசறது மட்டும் தான் மெயில்ல, மத்தபடி டையிங்ல இருந்து துணி எப்ப வரும், பிரிண்டிங்காரர் சாம்பிள் குடுத்தாரா, எந்த லைன்ல எத்தன பீஸ் எறங்குச்சு, பட்டன் தொளை போடற காஜா மிஷின் ஏன் நிக்குது, நாளைக்கு யாரு லீவு, எல்லாமே வாட்ஸ்அப் குரூப்ல தான் ஓடுது. இது தப்புன்னு நான் சொல்ல வரல. எல்லார் கைலயும் இருக்கு, செலவில்ல, யாருக்கும் தனியா சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல, ஓவர்லாக் தைக்கற அக்கால இருந்து எம்டி வரைக்கும் ஒரே ஆப்ல இருக்காங்க, இத விட்டுட்டு வேற ஒண்ணுக்கு எல்லாரையும் இழுக்கறது முக்கால்வாசி எடத்துல நடக்காத காரியம். ஆனா இத எப்படி நடத்தணும்னு யாரும் உக்காந்து யோசிக்கறதில்ல. குரூப் தானா ஆரம்பிக்குது, தானா பெருசாகுது, ஒரு கட்டத்துல நாள் பூரா மெசேஜ் வந்து கொட்டி யாருமே எதையும் படிக்காத நெலமைக்கு போயிடுது.

பெரும்பாலான பிரச்சனை ஒரே எடத்துல தான் ஆரம்பிக்குது. "நான் குரூப்ல போட்டுட்டேனே"ன்னு சொல்றாங்க பாருங்க, அங்க. போட்டவரு தன் வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கறாரு, பாக்க வேண்டியவரு இது வேற யாருக்கோன்னு நெனைக்கறாரு, நடுவுல ஆயிரக்கணக்குல பீஸ் தப்பான வாஷ்கேர் லேபிளோட பேக்கிங் வரைக்கும் போயிடுது. குரூப்ல போடறது வேற, அது உரிய ஆளுக்கு போய் சேர்றது வேற, அது முடிவா எழுதி வெக்கப்படறது வேற. இந்த மூணும் ஒண்ணு இல்லன்னு கம்பெனில எல்லாருக்கும் புரிஞ்சுட்டா பாதி சண்டை குறையும். கீழ சொல்றதெல்லாம் இத நடைமுறைக்கு கொண்டு வர்றதுக்கு தான்.

மொதல்ல குரூப்ப பிரிங்க

எல்லாரும் இருக்கற ஒரே பெரிய குரூப் இருந்தா அத அறிவிப்புக்கு மட்டும்னு ஆக்கிடுங்க. குரூப் செட்டிங்ஸ்ல மெசேஜ் அனுப்பறது அட்மின் மட்டும்னு வெக்க வழி இருக்கு. லீவு நாள், சம்பள தேதி, வண்டி டைம் மாறுனது, ஆடிட் வர்ற நாள், கரண்ட் கட், இவ்ளோ தான் அதுல வரணும். வாரத்துக்கு நாலஞ்சு மெசேஜ் மட்டும் வர்ற குரூப்ப எல்லாரும் படிப்பாங்க.

வேலை பேசறதுக்கு குரூப் ரெண்டு விதமா பிரியும். ஒண்ணு டிபார்ட்மென்ட் வாரியா, அதாவது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் பேக்கிங், ஸ்டோர்ஸ். இன்னொண்ணு ஆர்டர் வாரியா. எல்லா ஆர்டருக்கும் குரூப் ஆரம்பிச்சா மறுபடியும் அதே கூட்டம் தான், அதனால பெரிய ஆர்டர், புது பையர், இல்லன்னா பிரிண்ட் எம்ப்ராய்டரின்னு பல கை மாறி வர்ற ஆர்டர், இதுக்கு மட்டும் தனி குரூப் வெச்சு, மெர்ச்சண்டைசர் (பையர் கூட பேசி ஆர்டர பாத்துக்கறவர்), கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், க்யூசி (தரம் பாக்கறவர்), ஸ்டோர்ஸ்ல ஒருத்தர், பேக்கிங்ல ஒருத்தர்னு அளவா ஆள் சேருங்க. எம்டிய எல்லா குரூப்லயும் சேக்கணும்னு அவசியமே இல்ல, அவர் இருந்தா மத்தவங்க உண்மையான நெலமைய எழுத யோசிப்பாங்க, லைன் நிக்குதுன்னு போட வேண்டிய நேரத்துல "ரெடி பண்ணிட்டு இருக்கோம் சார்"னு போடுவாங்க. அவருக்கு சாயங்காலம் ஒரு சுருக்கம் போனா போதும்.

குரூப் பேர் வெக்கறப்ப ஸ்டைல் நம்பரும் (ஒவ்வொரு டிசைனுக்கும் குடுக்கற நம்பர்) ஷிப்மென்ட் மாசமும் வரட்டும். "ஸ்டைல் 4471 ஆகஸ்ட்"னு இருந்தா தேடறது சுலபம், "புது ஆர்டர்"னு பேர் வெச்சா ரெண்டு மாசத்துல அதே பேர்ல நாலு குரூப் நிக்கும். பையரோட முழு பேர குரூப் பேர்ல போடாதீங்க, யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெளிய அனுப்புனா நம்ம யாருக்கு தைக்கறோம்னு ஊரே பாக்கும்.

ஜாப் ஒர்க்காரங்க, அதாவது வெளில இருந்து நமக்கு வேலை செஞ்சு குடுக்கறவங்க விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. டையிங், காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்க செய்யற வேலை), பிரிண்டிங், எம்ப்ராய்டரி, ஒவ்வொருத்தரோடயும் தனித்தனி குரூப் தான். ரெண்டு டையிங்காரங்கள ஒரே குரூப்ல சேத்துட்டா ஒருத்தர் ரேட்டு இன்னொருத்தருக்கு தெரிஞ்சு போகும், உள்ள பேச வேண்டியத தப்பி அதுல போட்டா உறவே கெட்டுப்போகும். அனுப்பறதுக்கு முன்னாடி மேல இருக்கற குரூப் பேர ஒரு தடவ பாக்கற பழக்கம் வேணும், அதுக்காக வெளி ஆளு இருக்கற குரூப் பேரெல்லாம் "வெளி"ன்னு ஆரம்பிக்கற மாதிரி வெச்சுக்கோங்க, குரூப் படத்தையும் ஒரே கலர்ல வெச்சா கண்ணுல சட்டுனு படும்.

அடுத்தது பலரும் நெனச்சே பாக்காத விஷயம், தைக்கற பொண்ணுங்களோட போன் நம்பர். இருநூறு பேர் இருக்கற குரூப்ல ஒரு பொண்ண சேத்தீங்கன்னா அவங்க நம்பர் அத்தன பேருக்கும் தெரியும், ராத்திரி "ஹாய்"ன்னு யாரோ அனுப்பறது அங்க இருந்து தான் ஆரம்பிக்குது. பல குரூப்ப ஒண்ணா சேத்து வெக்கறதுக்கு 2022 கடைசில வாட்ஸ்அப் கொண்டு வந்த கம்யூனிட்டில அறிவிப்பு பகுதின்னு ஒண்ணு இருக்கு, அதுல மத்த உறுப்பினர்களோட நம்பர் எல்லாருக்கும் காட்டாது, அட்மினுக்கு தெரியும், மத்தபடி ஒரே குரூப்ல இருக்கறவங்களுக்கும் காண்டாக்ட்ல வெச்சிருக்கறவங்களுக்கும் தான் தெரியும். அறிவிப்புக்கு அத பயன்படுத்துங்க. இல்லன்னா ப்ராட்காஸ்ட் லிஸ்ட், ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தா தான் மெசேஜ் போகும், இது தெரியாம ஹெச்ஆர்ல அனுப்பிட்டு பாதி பேருக்கு போகலன்னு அலையறாங்க. வேலைக்கு சேர்ற அன்னிக்கே கம்பெனி நம்பர சேவ் பண்ண வெச்சுடுங்க.

ஒரு மெசேஜ் எப்படி இருக்கணும்

"சார்"னு ஒரு மெசேஜ். பதில் வர்ற வரைக்கும் வெயிட்டிங். அப்புறம் "ஒரு விஷயம் சார்". அப்புறம் "அந்த துணி வந்துருச்சா". எந்த துணி? எந்த ஸ்டைல், எந்த கலரு? இதுக்கு பதில் சொல்றவரு மூணு கேள்வி திருப்பி கேக்கணும், அவரு டையிங்ல நின்னுட்டு இருந்தாருன்னா ஒரு மணி நேரம் கழிச்சு தான் கேப்பாரு, ஒரு வரில முடிய வேண்டியது அர நாள் இழுக்கும்.

வேலை மெசேஜ்ல நாலு வரணும். எந்த ஸ்டைல், என்ன விஷயம், யாரு செய்யணும், எப்பக்குள்ள. இப்படி போடுங்க: "4471 நேவி, ரிப் துணி 60 கிலோ இன்னும் வரல. முருகேசண்ணா, டையிங்ல கேட்டு மதியம் 1 மணிக்குள்ள சொல்லுங்க. வரலன்னா நாளைக்கு 3ஆம் லைன்ல வேற ஸ்டைல் ஏத்தணும்." கடைசில இருக்கற வரி ரொம்ப முக்கியம், தாமதமானா என்ன ஆகும்னு தெரிஞ்சா தான் அந்த ஆளு அதுக்கு அவசரம் குடுப்பாரு. ஆள் பேர டைப் பண்ணா மட்டும் பத்தாது, அட் குறி போட்டு அவரு பேர தேர்ந்தெடுங்க, குரூப்ப மியூட் பண்ணி வெச்சிருந்தாலும் அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகும். "யாராச்சும் பாருங்க"ன்னு போட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

பதில் சொல்றவங்களுக்கும் ஒரு முறை வேணும். "ஓகே"ன்னு வந்தா பாத்துட்டேன்னு சொல்றாரா, செய்யறேன்னு சொல்றாரா, செஞ்சுட்டேன்னு சொல்றாரா தெரியாது. இத கம்பெனிக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கோங்க. நான் சொல்றது என்னன்னா, பாத்துட்டேன்னா அந்த மெசேஜ் மேல கட்டைவிரல் ரியாக்ஷன் மட்டும், செய்யறதா இருந்தா "4 மணிக்கு"ன்னு நேரம் போட்டு பதில், முடிஞ்சதும் அதே மெசேஜ ரிப்ளை பண்ணி "முடிஞ்சது". ரிப்ளை பண்றது ரொம்ப முக்கியம், சும்மா தனியா "முடிஞ்சது"ன்னு போட்டா எது முடிஞ்சதுன்னு நடுவுல வந்த இருபது மெசேஜுக்குள்ள தேடிட்டு இருக்கணும்.

நீல டிக்க நம்பாதீங்க. குரூப்ல ரெண்டு டிக் நீலமாகணும்னா எல்லாரும் பாத்திருக்கணும், ஒருத்தர் போன் ஆஃப்ல இருந்தாலும் ஆகாது. யாரு பாத்தாங்கன்னு தெரியணும்னா மெசேஜ அழுத்தி பிடிச்சு இன்ஃபோ பாருங்க, பேர் பேரா காட்டும். ரீட் ரெசிப்ட்ட ஒருத்தர் ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் குரூப்ல அது காட்டிடும். ஆனா பாத்தாங்கங்கறது புரிஞ்சுகிட்டாங்கன்னு ஆகாது, வண்டி ஓட்டிட்டு சிக்னல்ல நின்னப்ப தெறந்திருக்கலாம். முக்கியமான விஷயத்துக்கு பதில் வரலன்னா போன் போடுங்க.

எடிட் பண்றதுல ஒரு ஆபத்து இருக்கு. 2023ல இருந்து அனுப்புன மெசேஜ 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், எழுத்துப்பிழைக்கு ரொம்ப நல்லது. ஆனா அளவு, எண்ணிக்கை, தேதி, கலர் இதையெல்லாம் எடிட் பண்ணவே கூடாது. 1200னு பாத்துட்டு கட்டிங் மாஸ்டர் வெட்டறதுக்கு துணிய அடுக்கி லே போட ஆரம்பிச்சிருப்பாரு, நீங்க 1020ன்னு மாத்துனா அவருக்கு திரும்ப நோட்டிஃபிகேஷன் வராது, எடிட் ஆச்சுன்னு சின்னதா ஒரு குறிப்பு இருக்கும், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு அங்க தெரியாது, அப்புறம் யாரு சொன்னது சரின்னு வாக்குவாதம் தான். பழைய மெசேஜ ரிப்ளை பண்ணி "திருத்தம்: 1200 இல்ல, 1020"னு புதுசா போடுங்க, மாஸ்டருக்கு போனும் பண்ணிடுங்க.

போட்டோவும் ஃபைலும்

இந்த தொழில்ல போட்டோ இல்லாம ஒண்ணும் நடக்காது, தப்பு நடக்கறதும் அதுல தான். கலர் அப்ரூவலுக்கு வாட்ஸ்அப் போட்டோவ எப்பவுமே எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு போன் கேமராவும் வெள்ளைய ஒவ்வொரு மாதிரி எடுக்கும், பாக்கற போனோட ஸ்க்ரீன் அத இன்னும் மாத்தும், ஒருத்தர் நைட் மோட் போட்டு மஞ்சளா வெச்சிருப்பாரு. லேப் டிப்னா, அதாவது கலர் பாக்கறதுக்கு சாயம் போட்டு தர்ற சாம்பிள்னா, துணி கைக்கு வரணும், லைட் பாக்ஸ்ல பகல் வெளிச்சமான டி65லயும் கடை வெளிச்சமான டிஎல்84லயும் வெச்சு பாக்கணும், ஒரு வெளிச்சத்துல மேட்ச் ஆனது இன்னொண்ணுல விலகும். "போட்டோ பாத்தேன் ஓகே போடுங்க"ன்னு ஒரு வரி சொன்னத நம்பி டையிங்ல முழு லாட்டும் போட்டுட்டா அந்த துணிய திருப்பி பழைய நெலமைக்கு கொண்டு வர முடியாது. குரூப்ல வர்ற கலர் போட்டோ "வந்துருச்சு"ன்னு சொல்றதுக்கு மட்டும்.

டேமேஜ் போட்டோ எடுக்கறப்ப மூணு எடுங்க. முழு பீஸ் ஒண்ணு, தப்பு இருக்கற எடம் பக்கத்துல ஒண்ணு, அது பக்கத்துல டேப் வெச்சு ஒண்ணு. பண்டில் நம்பர் டிக்கெட்டும் ஃபிரேமுக்குள்ள இருக்கட்டும். தொளை மட்டும் தெரியற மாதிரி ஒரு க்ளோசப் அனுப்புனா அது நெஞ்சுலயா பின்னாடியா, ஒரு பீஸா நூறு பீஸான்னு யாருக்கும் தெரியாது. எத்தன பீஸ்ல பாத்தீங்க, எத்தனைல இருந்துச்சுங்கறத கீழ எழுதுங்க.

டெக்பேக் (பீஸ் எப்படி இருக்கணும்னு பையர் குடுக்கற முழு விவரம்), சைஸ் சார்ட், ஆர்ட்வொர்க் இதையெல்லாம் போட்டோவா அனுப்பவே வேண்டாம், டாக்குமென்ட்டா அனுப்புங்க. போட்டோன்னா அமுக்கி சின்னதாக்கிடும், சைஸ் சார்ட்ல 6 எது 8 எதுன்னு தெரியாது. ஃபைல் பேர்ல ஸ்டைல் நம்பர், எத்தனையாவது திருத்தம், தேதி மூணும் வேணும். புது திருத்தம் வந்ததும் அத பின் பண்ணுங்க, ஒரு சாட்ல மூணு மெசேஜ் வரைக்கும் பின் பண்ணலாம், ஆனா அதிகபட்சம் 30 நாள் தான் நிக்கும், ஆர்டர் அதுக்கு மேல ஓடுச்சுன்னா திரும்ப பின் பண்ணணும்.

பழச என்ன பண்றது? அனுப்பி ரெண்டு நாளைக்கிட்ட ஆகலன்னா எல்லாருக்கும் அழிக்கறத பயன்படுத்தலாம். அதுக்கு மேல ஆயிட்டா பழைய ஃபைல ரிப்ளை பண்ணி "இது பழசு, பயன்படுத்தாதீங்க, திருத்தம் 3 பாருங்க"ன்னு போடுங்க. ஏற்கனவே டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்து லைன்ல ஒட்டியிருப்பாங்க, அந்த காகிதத்த போய் கிழிச்சுட்டு வர்றதும் மெர்ச்சண்டைசரோட வேலை தான், அது நடக்காத வரைக்கும் திருத்தம் போய் சேரல.

வாய்ஸ் நோட்

தையல் ஃப்ளோர்ல வேலை பாக்கற பலருக்கு டைப் பண்றது கஷ்டம், அவங்கள டைப் பண்ணுங்கன்னு கட்டாயப்படுத்தறது நியாயமில்ல. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு தமிழ் எழுத்து படிக்க வராது, தமிழ்ல எழுதி குரூப்ல போட்டுட்டு எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு சொல்றது சரியில்ல. ஹிந்தி நல்லா பேசற ஒருத்தர வெச்சு முக்கியமான அறிவிப்ப வாய்ஸ்லயும் போட வைங்க, பாதுகாப்பு, சம்பளம், லீவு விஷயம்னா இது கட்டாயம் வேணும்.

ஆனா வாய்ஸ் நோட்டுக்கு அளவு வேணும், அர நிமிஷத்துக்கு மேல போனா யாரும் முழுசா கேக்க மாட்டாங்க. மிஷின் ஓடற எடத்துல நின்னு பேசாதீங்க, கேக்கறவருக்கு ஓவர்லாக் சத்தம் மட்டும் தான் கேக்கும். எண்ணிக்கை எதுவா இருந்தாலும் வாய்ஸ் கூட டைப் பண்ணியும் போடணும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அந்த சத்தத்துல ஒண்ணா தான் கேக்கும். டைப் பண்ண சோம்பலா இருந்தா போன் கீபோர்ட்ல மைக்க அழுத்தி தமிழ்ல பேசுங்க, அதுவே எழுத்தா மாத்திடும், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சு பாருங்க.

குரூப்ல போடக்கூடாத அவசரம்

யாருக்காச்சும் அடிபட்டுச்சு, நெருப்பு, பாய்லர்ல ஏதோ சத்தம், ஊசி ஒடஞ்சு துண்டு கெடைக்கல, இதுக்கெல்லாம் மொதல்ல போன், அப்புறம் தான் குரூப். ஊசி துண்டு கெடைக்கலன்னா அந்த பண்டில ஒதுக்கி மெட்டல் டிடெக்டர்ல விடற வரைக்கும் ஒரு பீஸ் கூட நகரக்கூடாது, குரூப்ல மெசேஜ் போட்டு யாராச்சும் பாக்கறதுக்குள்ள அது பேக்கிங் போயிருக்கும்.

வாட்ஸ்அப்பே நின்னு போற நாளும் வரும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி உலகம் பூரா கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் நின்னுச்சு, நமக்கு அது ராத்திரியா போச்சு. 2022 அக்டோபர் 25ஆம் தேதி மத்தியானம் வேலை நேரத்துலயே ரெண்டு மணி நேரம் போல நின்னுச்சு. முக்கியமான முப்பது நம்பர ஒரு காகிதத்துல பிரிண்ட் எடுத்து ஆஃபீஸ், ஸ்டோர்ஸ், செக்யூரிட்டி கேபின் மூணு எடத்துலயும் ஒட்டி வைங்க, சாதா கால் பண்ணி வேலைய ஓட்டலாம்.

ராத்திரி மெசேஜ்

நம்ம பையர்ஸ் இருக்கறது ஐரோப்பாலயும் அமெரிக்காலயும். ஜெர்மனில சாயங்காலம் அஞ்சு மணின்னா நமக்கு வெயில் காலத்துல எட்டரை, குளிர் காலத்துல ஒம்பதரை. நியூயார்க்ல காலைல பத்து மணிக்கு ஒருத்தர் ஆஃபீஸ்ல வந்து உக்காந்தா நமக்கு ஏழரையோ எட்டரையோ ஆகியிருக்கும். அதனால மெர்ச்சண்டைசருக்கு ராத்திரி மெசேஜ் வர்றத முழுசா தவிர்க்க முடியாது, அத நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒருத்தருக்கு வந்ததுக்காக அவரு அப்படியே குரூப்ல தள்ளிவிட்டு கட்டிங் மாஸ்டர், பேக்கிங் அக்கா எல்லாரோட போனும் பத்து மணிக்கு கத்தணுமா? காலைல எட்டரைக்கு தான கட்டிங் ஆரம்பிக்குது, ராத்திரி அவங்க தெரிஞ்சு என்ன பண்ணப்போறாங்க?

நேரத்த எழுதி வைங்க. காலைல எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் குரூப், அதுக்கு மேல குரூப்ல மெசேஜ் கெடையாது, ஞாயித்துக்கிழம கெடையாது. ஷிப்மென்ட் வாரத்துல ராத்திரி பாக்க வேண்டியிருந்தா மெர்ச்சண்டைசிங் டீம்ல முறை போட்டு ஒரு நாளைக்கு ஒருத்தர், அவருக்கு மறுநாள் காலைல லேட்டா வர அனுமதி குடுங்க. ராத்திரி ஞாபகம் வந்தத டைப் பண்ணி அனுப்பாம அப்படியே விட்டுட்டா டிராஃப்ட்டா இருக்கும், காலைல அனுப்பிக்கலாம். வேலை விஷயத்துக்கு தனியா கம்பெனி நம்பர்ல வாட்ஸ்அப் பிசினஸ் வெச்சிருந்தா அதுல ஆஃபீஸ் நேரத்துக்கு அப்புறம் தானா பதில் போற மாதிரி செட் பண்ணலாம். வேலை நேரம் முடிஞ்சப்புறம் தொடர்புல இருக்க வேண்டியதில்லங்கற உரிமைய பிரான்ஸ்ல 2017லயும் ஆஸ்திரேலியால 2024 ஆகஸ்ட்லயும் சட்டமாவே கொண்டு வந்துட்டாங்க. இங்க சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, ஒரு கம்பெனி தானா முடிவு பண்ணலாம், இதுக்கு ஒரு ரூபா செலவில்ல.

இத மேல இருக்கறவங்க தான் மொதல்ல கடைப்பிடிக்கணும். ராத்திரி பதினொரு மணிக்கு எம்டி ஒரு மெசேஜ் போட்டுட்டு "காலைல பாத்தா போதும்"னு சேத்து எழுதுனாலும் யாரும் காலைல பாக்க மாட்டாங்க, அப்பவே எந்திரிச்சு பாப்பாங்க, அப்புறம் தூக்கம் வராது.

அதே மாதிரி தான் குரூப்ல திட்டறதும். ஒருத்தர் தப்பு பண்ணியிருந்தா கூப்பிட்டு தனியா பேசுங்க. நாப்பது பேர் பாக்கற எடத்துல "உனக்கெல்லாம் எத்தன தடவ சொல்றது"ன்னு எழுதுனா அது அங்கயே இருக்கும், அவரு ஒவ்வொரு தடவ குரூப்ப தெறக்கறப்பயும் அது கண்ணுல படும், மத்தவங்க அதுக்கப்புறம் தப்ப வெளிய சொல்லவே மாட்டாங்க. தப்ப மறைக்கற ஃப்ளோர்ல தரம் எப்படி வரும்? லைன் டார்கெட் முடிச்சது, ஆடிட் பாஸானது, ஒரு டைலர் தப்பான லேபிள கண்டுபிடிச்சு நிறுத்துனது, இதையெல்லாம் பேர் சொல்லி குரூப்ல போடுங்க.

ஃபார்வர்டும் வதந்தியும்

குட் மார்னிங், ஜோக்கு, கட்சி, சாமி, இதெல்லாம் வேலை குரூப்ல வேண்டாம்னு குரூப் டிஸ்க்ரிப்ஷன்லயே எழுதிடுங்க. பேசறதுக்கு ஆசைப்படறவங்களுக்கு தனியா ஒண்ணு வெச்சுக்கட்டும், அதுல சேர்றதும் வெளியேறதும் அவங்கவங்க விருப்பம். அட்மின் இப்ப மத்தவங்க போட்ட மெசேஜயும் அழிக்க முடியும், அழிச்சுட்டு அந்த ஆளுகிட்ட தனியா காரணம் சொல்லுங்க.

வதந்தி விஷயம் நம்ம ஊர்ல வெளையாட்டு இல்ல. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சு, வேற எங்கயோ வேற எதுக்கோ நடந்த சண்டைய எடுத்து இங்க நடந்ததா போட்டாங்க, தமிழ்நாடு போலீஸ் அது பொய்னு சொல்லியும், பீகார்ல இருந்து அதிகாரிங்க வந்து பாத்தும் கூட பயம் அடங்க நாளாச்சு. அந்த நேரத்துல ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு நம்பிக்கையான ஒரு ஆளு, அவங்க மொழில, கம்பெனி குரூப்ல பேசறது எவ்ளோ முக்கியம்னு நெனச்சு பாருங்க. அப்படி ஒரு வழிய அமைதியா இருக்கறப்பவே பண்ணி வெச்சுக்கணும், பிரச்சனை வந்த அன்னிக்கு ஆரம்பிச்சா யாரும் நம்ப மாட்டாங்க.

யாராச்சும் ஒரு பொண்ணுக்கு தப்பா மெசேஜ் அனுப்புனா அது போன்ல தான நடந்துச்சு, கம்பெனிக்குள்ள இல்லையேன்னு தள்ளிவிடாதீங்க. வேலை சம்பந்தமா கெடச்ச நம்பர்ல வர்ற தொல்லையும் வேலை எடத்து பிரச்சனை தான். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த எடத்துலயும் பெண்களுக்கு வேலை எடத்துல நடக்கற பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டப்படி உள் புகார் குழு இருக்கணும், சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கலாம். அந்த குழுல இருக்கறவங்க பேரும் நம்பரும் அறிவிப்பு குரூப்ல பின் பண்ணி இருக்கட்டும். பாதிக்கப்பட்டவங்ககிட்ட சாட்ட அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்கன்னு சொல்லுங்க.

பதிவு, பணம், ஆள் மாறுறது

சாட்டு பேசறதுக்கு, கணக்கு வெக்கறதுக்கு இல்ல. ரேட்டு, எண்ணிக்கை மாத்தம், ஷிப்மென்ட் தேதி, அப்ரூவல், இந்த நாலும் எங்க பேசி முடிவானாலும் அன்னிக்கே மெயில்ல ஒரு வரி போகணும், "இன்னிக்கு போன்ல பேசுனபடி"ன்னு ஆரம்பிச்சு. தினசரி ப்ரொடக்ஷன் ரிஜிஸ்டர்லயோ ஷீட்லயோ ஏறணும், குரூப்ல அதோட போட்டோ போனா போதும். மெசேஜ் எல்லாம் அவங்கவங்க போன்ல தான் இருக்கு, கம்பெனிகிட்ட காப்பி கெடையாது, மெர்ச்சண்டைசர் போன் பஸ்ல தொலைஞ்சா ஒரு சீசனோட பேச்சே போயிடும். பெரிய எடத்துலயே இதுல அடி வாங்கியிருக்காங்க, 2021 டிசம்பர்ல ஜேபி மார்கன் செக்யூரிட்டீஸ் மேல அமெரிக்க பங்குச்சந்தை ஆணையம் 12.5 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, ஊழியருங்க சொந்த போன்ல வாட்ஸ்அப் மாதிரி ஆப்ல வேலை விஷயம் பேசி அத கம்பெனி பதிவா வெக்கலங்கறதுக்காக. நமக்கு அந்த சட்டம் இல்ல, ஆனா பணத்த பிடிச்சுக்கறேன்னு பையரோட டெபிட் நோட் வர்றப்ப கைல காமிக்க ஒண்ணும் இல்லன்னா நமக்கும் நஷ்டம் தான்.

எல்லா குரூப்லயும் ரெண்டு அட்மின் இருக்கட்டும், ஒருத்தர் கம்பெனி நம்பர்ல. ஒரே அட்மின் வெளிய போயிட்டா வாட்ஸ்அப் தானா யாரயாச்சும் அட்மின் ஆக்கிடும், அது யாருன்னு நீங்க முடிவு பண்ண முடியாது. வேலைய விட்டு போறவங்கள அன்னிக்கு சாயங்காலமே எல்லா குரூப்ல இருந்தும் எடுங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு மரியாதையா எடுங்க, அதுக்காகவே ஹெச்ஆர்ல யாரு எந்த குரூப்ல இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் தெறந்து வெச்சுட்டு போறது ரொம்ப சாதாரணமா நடக்குது, ஒரு போனோட நாலு டிவைஸ் வரைக்கும் இணைக்கலாம், போன் பக்கத்துல இல்லாட்டியும் அது ஓடும், அதனால வாரம் ஒரு தடவ லிங்க்ட் டிவைசஸ் பாத்து தெரியாதத லாக் அவுட் பண்ணுங்க. ஆறு இலக்க பின் போடற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன எல்லாரும் ஆன் பண்ணணும், இது ரெண்டு நிமிஷ வேலை.

பணத்துக்கு ஒரே விதி, மெசேஜ நம்பி பணம் அனுப்பக்கூடாது. எம்டி போட்டோவ டிபியா வெச்சு புது நம்பர்ல இருந்து "மீட்டிங்ல இருக்கேன், இந்த அக்கவுண்ட்டுக்கு உடனே அனுப்பு"ன்னு அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவருக்கு வரும், இல்லன்னா நூல் மில்லுல இருந்து வர்ற மாதிரியே "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு வரும். அந்த மெசேஜ்ல இருக்கற நம்பருக்கு இல்லாம, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கற பழைய நம்பருக்கு கூப்பிட்டு குரல் கேட்டு உறுதி பண்ணுங்க. போயிடுச்சுன்னா அந்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பரான 1930க்கு கூப்பிடுங்க, பேங்க்குக்கும் சொல்லுங்க, சீக்கிரம் சொன்னா தான் பணத்த நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு.

வேற ஆப் வேணுமான்னு கேட்டா, ஆஃபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கற இருபது முப்பது பேருக்கு மட்டும் ஸோஹோ க்ளிக், டீம்ஸ், ஸ்லாக் மாதிரி ஒண்ணு நல்லா இருக்கும், தலைப்பு வாரியா பேச்ச பிரிக்கலாம், ஆள் போனாலும் பேச்சு கம்பெனிகிட்டயே இருக்கும். ஸ்லாக்ல காசு கட்டாத ப்ளான்ல 90 நாளுக்கு முன்னாடி உள்ளது தெரியாது, அத பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஃப்ளோர்ல வாட்ஸ்அப்பே இருக்கட்டும்.

ஷிப்மென்ட் போனப்புறம் அந்த ஆர்டர் குரூப்ப அப்படியே விட்டுடாதீங்க. கண்டெய்னர் தூத்துக்குடி போய் சேந்து டாக்குமென்ட் எல்லாம் கைக்கு வந்ததும் மெர்ச்சண்டைசர் எக்ஸ்போர்ட் சாட் குடுத்து அந்த ஃபைல ஆர்டர் ஃபோல்டர்ல கம்பெனி கம்ப்யூட்டர்ல போடணும், முக்கியமான போட்டோவ தனியா எடுத்து வெக்கணும், இந்த ஆர்டர்ல எங்க லேட்டாச்சுன்னு டீம்கிட்ட கேட்டு நாலஞ்சு வரி எழுதி அதே ஃபோல்டர்ல வெச்சா அடுத்த ரிப்பீட் ஆர்டருக்கு ஒதவும். அப்புறம் குரூப் பேர் முன்னாடி "முடிஞ்சது"ன்னு சேத்து, மெசேஜ் அட்மின் மட்டும்னு மாத்திடுங்க. பையர் க்ளெய்ம் வர்ற காலம் முடியற வரைக்கும் யாரும் குரூப்ப அழிக்க வேண்டாம், ஆர்கைவ்ல போட்டு வெச்சுட்டு அடுத்த ஸ்டைலுக்கு புது குரூப் ஆரம்பிங்க, அதுக்கு தேவையான ஆள மட்டும் சேருங்க.